ஒரிஜினல் இல்லாத கை

காலை ரயில் கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள் சீட்டைப் பிரித்துவிடுவார்கள். செங்கல்பட்டில் ஏறும் சீசன் டிக்கெட்காரர்கள் நால்வர். எதிரெதிர் இருக்கை, முழங்கால்களின் மேல் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் விரித்த துண்டு. பரனூர் வரும்போது முதல் ஆட்டம் பாதியில் இருக்கும். சிங்கப்பெருமாள்கோயிலில் ஒருவர் கை தேறாது என்று ஸ்கூட் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மறைமலை நகருக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவில் யாராவது கையை முடித்து டிக் அடிப்பார்கள். தாம்பரத்துக்குள் ஆறு ஆட்டம், வேகமாகப் போனால் ஏழு. கணக்கில் கடைசியாக நிற்பவர் சாயங்காலம் டீ வாங்கித் தரவேண்டும். பணம் கைமாறி நான் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்த நால்வரில் ஒருவர் ஒரு வாரம் வரவில்லை. அவருடைய மகன் ராத்திரியெல்லாம் போனில் ரம்மி ஆடிக் கடன்பட்டிருந்தான். வண்டியை விற்று, மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள் என்று பின்னால் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார். மற்ற மூவரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர் சீட்டைக் குலுக்கி அவர் பக்கம் வெட்டுக்கு நீட்டினார். அவரும் வெட்டினார்.

அந்தக் காட்சி எனக்குள் தங்கிவிட்டது. இருபது வருடம் அப்பாவை ஒன்றும் செய்யாத ஆட்டம், ஆறே மாதத்தில் மகனை எப்படிச் சாய்த்தது? இரண்டு இடத்திலும் கையில் 13 சீட்டு. இரண்டிலும் அதே செட்டு, அதே ஜோக்கர், அதே 80 பாயிண்ட் ஃபுல். அப்பா ஆடியதும் மகன் ஆடியதும் ஒரே ஆட்டம்தானா? ரம்மியைப் பற்றிய பெரும்பாலான வழக்குகளும், சட்டங்களும், தொலைக்காட்சி விவாதங்களும் "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. அந்தக் கேள்வியையும் சேர்த்தே இங்கே நிறுத்துப் பார்க்கப் போகிறேன்.

முதலில் ஆட்டம். எடுத்துச் சேர்த்து, வேண்டாததைக் கழித்து, கையைக் கட்டி முடிக்கும் ஆட்டங்கள் உலகம் முழுக்க உண்டு. சீனர்களின் மாஜாங்கில் கையில் 13 கட்டை இருக்கும், பதினாலாவதை எடுத்து ஒன்றைக் கழிப்பார்கள். மெக்சிகோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடிய கான்கியனும் இந்தக் குடும்பம்தான். நம்மூர் ரம்மியை இவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு விதி. ஜோக்கர் கலக்காமல் ஒரே ஜாதியில் வரிசையாக நிற்கும் சீக்வென்ஸ் ஒன்றாவது கையில் இருந்தாக வேண்டும். அதைத்தான் ஒரிஜினல் என்கிறோம். சிலர் லைஃப் என்பார்கள். அது இல்லாவிட்டால் கையில் நாலு ஜோக்கர் இருந்தாலும் கை செத்த கைதான். டிக் அடிக்கவும் முடியாது, சேர்த்து வைத்த செட்டுகள் கணக்கில் கழியவும் செய்யாது. இந்த ஒரு விதிதான் ஆட்டத்துக்கு முதுகெலும்பு என்பது என் எண்ணம். அதிர்ஷ்டத்தால் வந்த சீட்டைப் பயன்படுத்து, ஆனால் அதற்கு முன் உன் உழைப்பில் ஒன்றைக் கட்டிக் காட்டு என்கிறது.

ஒரு கையைப் பிரித்துப் பார்க்கலாம். திருப்பி வைத்த சீட்டு கிளாவர் நாலு. ஆகவே மற்ற நாலுகளெல்லாம் ஜோக்கர். என் கையில் இஸ்பேடு ஆறு, ஏழு. ஆட்டின் ஒன்பது, ஜாக்கி. டைமண்டில் ரெண்டு, மூணு, நாலு. கிளாவரில் அஞ்சும் எட்டும். இரண்டு ராணி, ஒன்று கிளாவர், ஒன்று டைமண்டு. ஓர் இஸ்பேடு ராஜா. ஓர் ஆட்டின் ஆஸ். பார்த்தவுடன் மனசு ராணி ஜோடியிடம் போகும். இன்னொரு ராணி வந்தால் செட்டு, நாலு ஜோக்கராகக் கையில் இருக்கிறது, அதை அங்கே ஒட்டிவிடலாம் என்று தோன்றும். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்வார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் இருந்த என் சித்தப்பாதான் எனக்குச் சீட்டு சொல்லிக் கொடுத்தவர். இப்படி ஒரு கையை நான் பிடித்துக்கொண்டு விழித்தபோது பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ராஜாவ கட்டிக்கினு இன்னாத்துக்குடா குந்திக்கினு இருக்கே? போட்டுத் தள்ளு. கைல ஒரிஜினல் இருக்குதில்ல, அப்புறம் இன்னா பயம்?" என்றார். எனக்கு ஒரிஜினல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. டைமண்டு ரெண்டு, மூணு, நாலு. ஜோக்கரான அந்த நாலை ஜோக்கராகப் பார்க்காமல் வெறும் நாலாகப் பார்த்தால் சீக்வென்ஸ் முடிந்துவிட்டது.

இதன் பலன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கட்டு, இரண்டு அச்சு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. திருப்பி வைத்ததையும் என் கையையும் கழித்தால் நான் பார்க்காதவை 92. ஆட்டின் ஒன்பதுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் பத்து வேண்டும். இரண்டு கட்டிலும் சேர்த்து அது 2 சீட்டுதான். கையில் ஒரிஜினல் வந்துவிட்டதால் அந்த இடத்தில் ஜோக்கரும் உட்காரலாம், வெளியில் இன்னும் 8 ஜோக்கர் இருக்கிறது. ஆக 2 சீட்டு 10 சீட்டாகிவிட்டது. இஸ்பேடு ஆறு, ஏழுக்கு அஞ்சும் உதவும், எட்டும் உதவும். அது தானாகவே 4 சீட்டு, ஜோக்கரையும் சேர்த்தால் 12. ஒரே சீட்டை எந்தப் பெயரில் பார்ப்பது என்ற ஒரு முடிவு, கையின் எதிர்காலத்தை இத்தனை மடங்கு மாற்றுகிறது. ராஜா, ஆஸ், இரண்டு ராணி, ஜாக்கி என்று தலைக்குப் பத்து வீதம் 50 பாயிண்ட் சுமை கையில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இதோடு நினைவு சேர்கிறது. எதிராளி எதைக் கழித்தார், எதைக் கீழிருந்து எடுத்தார், எந்த எட்டு ஏற்கெனவே போய்விட்டது என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடவேண்டும். அதற்கும் மேல் அடக்கம். கை விளங்காது என்று முதல் சுற்றிலேயே தெரிந்தால் 20 பாயிண்டோடு ஸ்கூட் விட்டு ஒதுங்கலாம். நடுவில் விட்டால் 40. பிடிவாதமாக நின்று தோற்றால் 80 வரை. ஒதுங்கத் தெரிவதையே ஒரு திறமையாக மதித்து அதற்கு விலையும் வைத்திருக்கும் சீட்டாட்டம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற அந்த மனிதர்தான் அந்த நால்வரில் நல்ல ஆட்டக்காரர்.

குறையும் உண்டு. 13 சீட்டு கைக்கு வரும்போது அதில் ஒரு ஜோக்கர்கூட இல்லாமல் போக வாய்ப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு. மூன்றில் ஒன்றுக்கு நெருக்கமான கைகள் பிறக்கும்போதே நொண்டி என்று பொருள். கழித்த சீட்டுகளில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் போட்டது மட்டுமே எனக்குக் கிடைக்கும் என்பதால் அவருடைய அசட்டுத்தனமும் எனக்கு அதிர்ஷ்டம்தான். 80-க்கு மேல் ஏறாது என்ற வரம்பு மோசமான கைக்காரருக்குப் பொறுப்பைக் குறைத்துவிடுகிறது. எப்படியும் ஃபுல் என்று ஆன பிறகு அவர் எதை வேண்டுமானாலும் வீசுவார், அது அடுத்தவர் ஆட்டத்தையும் கெடுக்கும். ஆகவே ஒரே ஒரு ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. ஒரு ராத்திரி முழுக்க ஆடினால் திறமை மெல்லத் தலைகாட்டும். ஒரு வருடம் ஆடினால் சந்தேகமே இருக்காது. ரம்மி திறமை ஆட்டமா என்று கேட்பவரிடம், எத்தனை ஆட்டம் ஆடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

இனி நீதிமன்றம். செகந்திராபாத்தில் ஒரு கிளப். உறுப்பினர்கள் காசு வைத்து ரம்மி ஆடினார்கள், போலீஸ் பிடித்தது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணா முதலானோருக்கும் இடையிலான அந்த வழக்கில் 1967 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹிதாயதுல்லா. மூணு சீட்டைப் போல ரம்மி முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை நினைவில் வைக்கவும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று முடிவெடுத்துக் கையைக் கட்டவும் கணிசமான திறமை வேண்டும் என்றார். ஆடத் தெரிந்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக கிளப்புகளும், பின்னால் வந்த ரம்மி நிறுவனங்களும் இந்தத் தீர்ப்பைத்தான் கவசமாகப் பிடித்தன. தீர்ப்பில் அதற்கு அடுத்தபடி இருப்பதை யாரும் அவ்வளவாக நினைவூட்டுவதில்லை. சீட்டுக்கட்டுக்கோ இடத்துக்கோ கிளப் நியாயமான கட்டணம் வாங்குவது குற்றமாகாது. ஆனால் காசு வைத்து ஆடும் ரம்மியிலிருந்து இடத்துக்காரர் லாபம் பார்ப்பதாகத் தெரிந்தால் குற்றம் நிலைக்கலாம் என்று நீதிபதி அங்கேயே எச்சரித்திருக்கிறார். என் பார்வையில் அந்தத் தீர்ப்பின் உயிர் இந்த வரம்பில்தான் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டமே திறமை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், 1996-இல், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடர்ந்த மனுவின் மீது உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை விரிவாகப் பொருள்கொண்டது. திறமை மேலோங்கி நின்றால் போதும் என்றது. 2012-இல் சென்னை உயர் நீதிமன்றம் கிளப்பில் பணம் வைத்து ரம்மி ஆடுவது குற்றம் என்றது. 2015-இல் மூல மனுவே திரும்பப் பெறப்பட்டதால் அந்தக் கருத்து நிலைக்காமல் போனது. இதற்குள் ஆட்டம் துண்டிலிருந்து போனுக்கு மாறிவிட்டிருந்தது.

2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்தது. அதன் வழிவந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' வழிநெடுகக் கைகூப்பி நின்றது. பெயரிலேயே சதுரங்கம் ஒலிக்கும் சதுரங்கப்பட்டினம் அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். மூளையால் ஆடும் ஆட்டத்தை ஓர் அரசு அப்படிக் கொண்டாடி நான் பார்த்ததில்லை. அந்த வருட அக்டோபரிலேயே அதே அரசு ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லித் தடுக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மசோதா அக்டோபர் 19 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினார்கள், ஏப்ரலில் ஒப்புதல் வந்தது.

பூஞ்சேரியில் திறமைக்கு மாலை, ரம்மியில் திறமைக்குத் தடையா என்று நிறுவனங்களின் தரப்பு வாதாடக் கேட்டிருக்கிறேன். 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தைத் தக்கவைத்தது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லித் தடையிலிருந்து அவற்றை விடுவித்தது. வயது, நேரம் போன்றவற்றில் அரசு கட்டுப்பாடு போடலாம் என்றது. அப்படியே 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பதினெட்டு நிறையாதவர்கள் ஆடக்கூடாது, அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது. இரண்டரை மாதத்தில் ஒன்றிய அரசு எல்லாவற்றையும் மூடியது. 2025 ஆகஸ்ட் 20-இல் மக்களவை, 21-இல் மாநிலங்களவை, 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து இணையத்தில் ஆடவைக்கக் கூடாது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

இந்தத் தடை நியாயமா? திறமை என்ற கவசம் இதில் உடைந்தது சரியா? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும்.

இரண்டு பேர், தலைக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள். பானையில் 200. நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து கமிஷன் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 20 ரூபாய் போக ஜெயித்தவருக்கு 180. இருவரும் சம திறமைசாலிகள் என்றால் 100 ஆட்டத்தில் ஆளுக்கு 50 ஜெயிப்பார்கள். ஒவ்வொருவரும் கட்டியது 10,000, திரும்ப வந்தது 9,000. இருவருமே ஆயிரம் ரூபாய் தோற்றிருக்கிறார்கள்.

சரி, ஒருவர் நிஜமாகவே கெட்டிக்காரர், 100-க்கு 54 ஜெயிக்கிறார் என்று வைப்போம். சீட்டு மாறி மாறி விழும் ஓர் ஆட்டத்தில் 54 என்பது லேசுப்பட்ட திறமை இல்லை. அவருக்குத் திரும்ப வருவது 54 தரம் 180, அதாவது 9,720. கட்டியது 10,000. திறமைசாலியும் 280 ரூபாய் நஷ்டத்தில் எழுந்து போகிறார். அவரிடம் தோற்றவருக்கு 1,720 நஷ்டம். நடத்துகிறவர் கையில் சுளையாக 2,000. நஷ்டமில்லாமல் எழுந்திருக்க 100-க்கு 56 ஆட்டம் ஜெயித்தாக வேண்டும். அதுவும் யார் என்றே தெரியாத எதிராளிகளிடம், மாதக்கணக்கில். ஒரு சிலரால் முடியும். அந்த ஒரு சிலரின் லாபமும் மற்றவர்கள் பையிலிருந்துதான் வரவேண்டும்.

இதே கணக்கில் பூஞ்சேரிச் சதுரங்கத்தைப் போட்டுப் பாருங்கள். அதில் மறைந்த சீட்டு இல்லை, ஜோக்கர் இல்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. சம பலமுள்ள இருவர் தலைக்கு 100 ரூபாய் வைத்து 100 ஆட்டம் ஆடினால், ஒவ்வொரு பானையிலும் 20 ரூபாய் போனால், சதுரங்கத்திலும் இருவருக்கும் ஆளுக்கு ஆயிரம் நஷ்டம்தான். நூற்றுக்கு நூறு திறமை ஆட்டமே பையைக் காலி செய்யும் என்றால், ரம்மியில் திறமை அறுபது பங்கா எழுபது பங்கா என்று ஐம்பது வருடம் நாம் வாதாடியதற்கு என்ன பொருள்? பானையிலிருந்து பங்கு எடுப்பவர் யார், எவ்வளவு எடுக்கிறார் என்பதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஹிதாயதுல்லா அதற்கு அரைவாசல் திறந்து வைத்திருந்தார்.

ஜப்பானில் நண்பர்கள் சேர்ந்து போய் மேசை எடுத்தால் மாஜாங் கடைகள் உட்காரும் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகின்றன, நாற்காலிக்கு வாடகை போல. யார் ஜெயித்தாலும், எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்த நேரத்துக்கு அதே தொகைதான். ஆகவே ஆட்டத்தை விரட்டி விரட்டி நடத்த வேண்டிய அவசியம் கடைக்காரருக்கு இல்லை. பானையில் பங்கு எடுப்பவருக்கோ ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறதோ அவ்வளவு வருமானம். ரயிலில் சீட்டைக் கூட்டி, குலுக்கி, வெட்டி, பிரித்து முடிக்கவே இரண்டு நிமிடம் போகும். போனில் கண் இமைப்பதற்குள் அடுத்த கை வந்து விழுந்தது. சீட்டை அடுக்கித் தர ஒரு பொத்தான். பல செயலிகளில் இதுவரை கழித்த சீட்டுகளையெல்லாம் காட்டவும் ஒரு பொத்தான். 1967-இல் எந்த நினைவாற்றலைக் காட்டி ரம்மியைத் திறமை ஆட்டம் என்றார்களோ, அந்த நினைவாற்றலுக்கே வேலையில்லாமல் செய்துவிட்டு, அதே தீர்ப்பைக் காட்டி வழக்கை ஜெயித்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எதிராளியின் முகமும் போய்விட்டது. ரயிலில் ஒருவர் தொடர்ந்து தோற்றால் "இன்னிக்கி உனுக்கு நேரம் சரியில்ல, விடுப்பா" என்று யாராவது சீட்டை மூடிவிடுவார்கள். போனில் அப்படிச் சொல்ல ஆளிருக்கவில்லை. சொல்லக்கூடிய ஒரே தரப்பு நடத்துகிறவர், அவருடைய வருமானமோ நீங்கள் நிறுத்தாமல் இருப்பதில் இருந்தது.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும்போது பகடைக் கட்டத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன் நான். மாமல்லபுரத்தில் ஒற்றைக் கல்லில் நிற்கும் ரதங்களுக்குத் தருமன், பீமன், திரௌபதி என்று பெயர் சொல்லும்போதெல்லாம் அந்த ராத்திரிகள்தான் ஞாபகம் வரும். தருமன் துரியோதனனோடு பந்தயம் கட்டுகிறான், பகடையை உருட்டுவது சகுனி. யாரோடு ஆடுகிறோம் என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை. தருமனுக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்று கூத்து பார்க்கிற எந்தப் பாட்டியும் கேட்டு நான் பார்த்ததில்லை. "யாரு உருட்டுறான்னு பாரு" என்றுதான் சொல்வார்கள்.

தடைக்கு எதிரான வாதங்களில் கனமானவை உண்டு. வளர்ந்த மனிதர் தன் பணத்தை என்ன செய்வது என்று அரசு சொல்லலாமா என்பது ஒன்று. பணம் வைத்து நண்பர்களோடு ஆடுவதைப் பொறுத்தவரை நான் அந்தப் பக்கம்தான். ஆனால் போட்ட பணத்தில் எவ்வளவு கமிஷனாகப் போனது என்று மாதக் கடைசியில் பளிச்சென்று ஒரு கணக்கு அந்தச் சீசன் டிக்கெட்காரரின் மகன் கையில் வந்திருந்தால்தான் அதைச் சுதந்திரமான முடிவு என்று ஒப்புக்கொள்வேன். தடுத்தால் ஆட்கள் வெளிநாட்டுச் செயலிகளுக்குப் போவார்கள் என்பது இன்னொன்று. இது உண்மையான ஆபத்து. 2003-இல் லாட்டரியைத் தடுத்த பிறகும் துண்டுச்சீட்டில் எண் எழுதி விற்ற கதையை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் தெருவுக்குத் தெருவும் தொங்கிய லாட்டரிச் சீட்டு மறைந்ததில் எத்தனையோ வீடுகள் மூச்சுவிட்டன என்பதும் நான் கண்ணால் கண்டது. தேடிப் போய் விழுகிறவரைத் தடுப்பது கடினம். சும்மா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கைப்பிடித்து இழுத்துப் போகும் விளம்பரத்தைத் தடுக்க முடியும்.

கட்டுப்பாடே போதாதா என்ற வாதத்தோடுதான் நான் அதிக நேரம் மல்லுக்கட்டினேன். தமிழ்நாட்டின் 2025 விதிகள் அக்கறையோடு எழுதப்பட்டவை. நள்ளிரவில் ஐந்து மணி நேரம் மூடு என்றது நல்ல யோசனை, மகன் ஆடியதெல்லாம் அந்த நேரத்தில்தான். ஆனாலும் அந்த விதிகள் ஆளையும் வயதையும் நேரத்தையும் பிடித்தன, பானையிலிருந்து போகும் 20 ரூபாயைத் தொடவில்லை. ஒன்றிய, மாநில அரசுகளோ 2023 அக்டோபர் முதல் ஆடுகிறவர் போடும் முழுப் பணத்தின் மீதும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாங்கின. அதாவது பானையில் இன்னொரு கையும் சேர்ந்தது. கமிஷனுக்கு உச்சவரம்பு, நேரத்துக்கு மட்டும் கட்டணம், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஆட்டம் என்ற அளவு எல்லாம் வைத்து ஒரு கட்டுப்பாடு வந்திருந்தால் நான் தடையை எதிர்த்திருப்பேன். அப்படி ஒன்றை எந்த நிறுவனமும் தானாக முன்வந்து கேட்டதாக நான் பார்த்ததில்லை.

ஆகவே என் முடிவு இது. ரம்மி நல்ல ஆட்டம். குறைகள் உள்ள, ஆனால் அறிவையும் அடக்கத்தையும் மதிக்கிற ஆட்டம். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுந்தது. பானையில் பங்கு எடுத்து, வேகத்தைக் கூட்டி, நினைவுக்கும் முகத்துக்கும் வேலையில்லாமல் செய்து போனில் நடத்தியது அந்த ஆட்டத்தின் உடுப்பைப் போட்ட வேறொன்று. அதைத் தடுத்தது சரி. ஆடுகிறவரை விட்டுவிட்டு நடத்துகிறவரைப் பிடித்தது அதைவிடச் சரி. ஆனால் 2025 சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே துடைத்து எறிந்ததோடு நின்றுவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பேதத்துக்குப் பதிலாக நடத்துகிறவரின் லாபத்தை அளவுகோலாக வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருந்தால் ஊருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் வெட்டு எடுக்கும் சில மனமகிழ் மன்றங்களும் அதே தராசில் ஏறியிருக்கும். அவை இன்னும் ஏறவில்லை.

சித்தப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது. பொங்கலுக்குப் பொங்கல் சதுரங்கப்பட்டினம் வீட்டுத் திண்ணையில் ஆடிய ரம்மிக் கணக்கு. பாயிண்டுக்கு ஒரு பைசா. 1991 காணும் பொங்கல் பக்கத்தில் ஐந்து பெயர். சித்திக்கு இரண்டு ரூபாய் பதினைந்து காசு வரவு. அத்தைக்கு எழுபத்தைந்து காசு வரவு. அப்பாவுக்கு ஒரு ரூபாய் நாற்பது, எனக்குத் தொண்ணூறு காசு, அவருக்கே அறுபது காசு பற்று. அடியில் கோடு போட்டு வரவையும் பற்றையும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் இரண்டு தொண்ணூறு, இந்தப் பக்கமும் இரண்டு தொண்ணூறு. பக்கத்தில் பென்சிலால் "சரி" என்று எழுதி ஒரு டிக் அடித்திருக்கிறார்.